கல்ச்சரில் 'சென்சிட்டிவ்', உடம்பில் தோல்வி: இம்ப்ளாண்ட் மேல் படரும் பயோஃபிலிம்

அகார்தட்டு எழுதியது:

வைத்து ஒரு வருடம் தாண்டிய செயற்கை முழங்கால் மூட்டில் தொற்று என்று வைத்துக்கொள்வோம். மூட்டுநீரைக் கல்ச்சர் போட்டால் (தட்டில் வளர்த்துப் பார்த்தால்) ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற தோல் கிருமி. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எம்.ஐ.சி. (கிருமி வளர்வதை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்து அளவு) மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம், ரிப்போர்ட்டில் 'எஸ்', அதாவது சென்சிட்டிவ். ரத்தத்தில் மருந்தின் அளவும் சரியாக இருக்கிறது. ஆறு வாரம் மருந்து ஓடும்போது வலி, வீக்கம், சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியின் அளவு) எல்லாம் இறங்குகின்றன. நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் பழையபடி. மறுபடி கல்ச்சர் போட்டால் அதே கிருமி, அதே எம்.ஐ.சி. எதிர்ப்புத்திறன் ஒரு படிகூட ஏறவில்லை.

பாடப்புத்தகம் இதை 'பயோஃபிலிம்', அதாவது இம்ப்ளாண்ட் (உடம்புக்குள் வைத்த செயற்கைப் பாகம்) மேல் கிருமிகள் பசையோடு கட்டும் படலம், என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை.

படலம் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது என்பதுதான் காரணமா? தோலில் சாதுவாகக் கிடக்கும் கிருமிக்கு உலோகத்தைக் கண்டதும் எங்கிருந்து இவ்வளவு வீரம் வருகிறது? இம்ப்ளாண்டைக் கழற்றாமல் காப்பாற்ற எந்தக் கட்டம் வரை முடியும்? கழற்றிய பாகத்திலிருந்து கிருமியை எடுக்க சோனிகேஷன் (மீயொலியால் அதிர வைப்பது) செய்யும்போது அளவுகள் என்ன? கதீட்டருக்கும் இதே கணக்குதானா என்று தெரிந்தவர்கள் அதையும் சொல்லலாம்.

---

படலக்காரன் பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றது அதிலிருந்து தானாக வரும்.

வீரம் கிருமிக்கு வரவில்லை சார், உடம்புதான் அந்த இடத்தில் கைகட்டி நிற்கிறது. 1957இல் எலெக், கோனென் இருவரும் மனிதத் தோலில் செய்து பார்த்த சோதனை இன்றும் இதற்கு அடிப்படை. வெறும் தோலுக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸைச் செலுத்திச் சீழ் வரவைக்கப் பத்து லட்சத்துக்கும் மேல் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தால் சில நூறு போதும். ஒரு துண்டு நூலுக்கே இந்தக் கதி என்றால், உள்ளங்கை அளவு டைட்டேனியமும் கோபால்ட்-குரோமியமும் பாலிஎத்திலீனும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் அந்த மேற்பரப்பை விழுங்கப் பார்க்கும், விழுங்க முடியாது, கையிலிருக்கும் ஆயுதத்தை அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். பிறகு கிருமி வந்து நின்றால் அடிக்கத் தெம்பு இருக்காது. உலோகத்துக்கு ரத்த ஓட்டமும் கிடையாது.

அடுத்து ஒட்டுதல். கிருமி வெறும் உலோகத்தில் ஒட்டுவது அபூர்வம். இம்ப்ளாண்ட் ரத்தத்தில் பட்ட சில நொடிகளிலேயே அதன்மேல் ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின், ஆல்புமின் எல்லாம் பூச்சு மாதிரி படிந்துவிடும். ஸ்டஃபிலோகாக்கஸின் வெளிச்சுவரில் இந்தப் புரதங்களைப் பிடிப்பதற்கென்றே கொக்கிகள் உண்டு: ஆரியஸுக்கு ஃபைப்ரோனெக்டின் கொக்கிகள், எபிடெர்மிடிஸுக்கு ஃபைப்ரினோஜனைப் பற்றும் எஸ்.டி.ஆர்.ஜி. ஆகவே நாம் வைப்பது உலோகம், கிருமி பார்ப்பது நம்முடைய புரதத்தை. 'எதிலும் ஒட்டாத உலோகம்' என்று வரும் விளம்பரங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். 1987இல் கிரிஸ்டினா இதை மேற்பரப்புக்கான பந்தயம் என்றார். நம் திசுச் செல்கள் முதலில் போய் மூடிவிட்டால் நமக்கு இடம், கிருமி முந்திவிட்டால் அதற்கு இடம்.

ஒட்டிய பிறகு பெருகும், ஒன்றோடொன்று பசையிட்டுக்கொள்ளும். ஸ்டஃபிலோகாக்கஸில் அந்தப் பசை பெரும்பாலும் பி.ஐ.ஏ. என்ற சர்க்கரைச் சங்கிலி, ஐ.சி.ஏ. ஜீன் தொகுதி அதைக் கட்டுகிறது. ஐ.சி.ஏ. இல்லாத ரகங்களும் உண்டு, அவை புரதத்தையும் செத்த கிருமிகள் சிந்திய டி.என்.ஏ.வையும் வைத்தே படலம் கட்டிவிடும். 'ஐ.சி.ஏ. பி.சி.ஆர். நெகடிவ், எனவே பயோஃபிலிம் இல்லை' என்று எழுதுவது தவறு.

இனி முதல் கேள்வி. தடுப்புச் சுவர் என்ற விளக்கம் பாதிக்குமேல் பொய். எபிடெர்மிடிஸ் படலத்துக்குள் வான்கோமைசினும் ரிஃபாம்பிசினும் போய்ச் சேர்கின்றன, அது அளந்து பார்த்த விஷயம். சூடோமோனாஸின் ஆல்ஜினேட் போன்ற எதிர்மின்னூட்டப் பசை டோப்ராமைசினைப் பிடித்து வைத்துத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே போன மருந்து ஏன் கொல்லவில்லை என்பதே விஷயம்.

படலத்தின் மேற்புறம் ஆக்சிஜன் உண்டு, உணவு உண்டு, கிருமி பிரிந்துகொண்டே இருக்கும். அடியில், உலோகத்தை ஒட்டி இரண்டும் இல்லை, கிருமி பிரிவதையே நிறுத்திவிட்டுக் கிடக்கும். வான்கோமைசினும் பீட்டா-லாக்டமும் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பவை. வீடே கட்டாதவனிடம் செங்கல் வண்டியை மறித்து என்ன பயன்? ஜென்டாமைசின் செல்லுக்குள் நுழைவதற்கே கிருமி ஆக்சிஜனை வைத்து உருவாக்கும் சவ்வு மின்னழுத்தம் வேண்டும். காற்றில்லாத அடுக்கில் அதுவும் நடக்காது. இவற்றோடு பெர்சிஸ்டர் என்ற உறங்கும் செல்கள் வேறு. ஜீனில் எந்த மாற்றமும் இல்லாமல் தூங்கிக் கிடந்தே தப்பிப்பவை அவை.

எம்.ஐ.சி. எப்படிப் பார்க்கிறோம்? முல்லர்-ஹின்டன் குழம்பில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் மிதக்கும் கிருமிகள், வயிறு நிறையச் சாப்பாடு, ஒரு நாள் இன்குபேட்டர். மருந்தை நிறுத்தியதும் உலோகத்திலிருந்து உதிர்ந்து வருபவற்றை நீங்கள் குழம்பில் போடும்போது அவை மறுபடி சாதாரண மிதவைக் கிருமிகளாகிவிடுகின்றன. அதனால்தான் அதே எம்.ஐ.சி. இது எதிர்ப்பு இல்லை, தாங்குதிறன். படலமாக இருக்கும் நிலையில் அதே ரகத்தைக் கொல்ல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். சிரை வழியாகக் கொடுத்து எலும்பில் அந்த அளவை எட்ட வழியே இல்லை.

ஒரு ஓரக்குறிப்பு. ஆரியஸ் என்றால் தட்டில் ஊசிமுனை அளவில், நிறமில்லாமல், ரத்தச் சிதைவு காட்டாமல் வரும் குட்டிக் காலனிகளைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். ஹீமின், மெனடியோன், தைமிடின் இவற்றில் ஒன்று இல்லாமல் வளரத் திணறும் ரகங்கள் அவை. செல்லுக்குள் பதுங்குபவையும் அவைதான். தட்டை 24 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு மூடினால் கண்ணிலேயே படாது, 72 மணி நேரமாவது வைக்க வேண்டும்.

---

உளியும்சுத்தியும் பதில்:

கழற்றாமல் காப்பாற்றுவது பற்றி. நாள்கணக்குதான் முதலில். இம்ப்ளாண்ட் வைத்து 30 நாளுக்குள், அல்லது ரத்தம் வழியாகத் திடீரென்று வந்த தொற்றில் அறிகுறி தொடங்கி 3 வாரத்துக்குள். இம்ப்ளாண்ட் அசையக்கூடாது, மூட்டுவரை போகும் சீழ்த்துவாரம் இருக்கக்கூடாது, மேலே தோலும் தசையும் மூடும் நிலையில் இருக்க வேண்டும், படலத்தில் வேலை செய்யும் மருந்துக்குக் கிருமி கட்டுப்பட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் காப்பாற்றும் முயற்சி பெரும்பாலும் இன்னொரு அறுவையைத் தள்ளிப்போடுவதாகத்தான் முடியும். நீங்கள் சொன்ன கேஸ் ஒரு வருடம் தாண்டியது, அதனால் கழற்ற வேண்டியதுதான். வெறும் வான்கோமைசின் ஆறு வாரம் என்பது அங்கே சிகிச்சையே இல்லை, வாய்தா.

காப்பாற்றும் அறுவை என்றால் மூட்டைத் திறந்து செய்ய வேண்டும். ஆர்த்ரோஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் குழாய்க் கேமரா விட்டுச் செய்வதில்) பின்பக்கம் எட்டாது, உலோகங்களுக்கு நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் லைனரையும் மாற்ற முடியாது. லைனரைக் கழற்றினால்தான் அதற்கும் உலோகத் தட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு தெரியும். படலம் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் இடம் அது. அழற்சி கண்ட சைனோவியம் (மூட்டின் உள்சவ்வு) முழுவதையும் வெட்டியெடுக்க வேண்டும். 6 முதல் 9 லிட்டர் சலைன் ஓட்ட வேண்டும். பிறகு நீர்த்த போவிடோன்-அயோடின் 0.35 சதவீதம், 3 நிமிடம் ஊறவிட்டு மறுபடி சலைன். கலக்கும் அளவு: 500 மில்லி சலைனில் 10 சதவீதக் கரைசல் 17.5 மில்லி. அதே காயத்தில் குளோர்ஹெக்சிடினையும் ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் பழுப்பாக வீழ்படிவு வரும். கையுறை, டிரேப், கருவிகள் எல்லாம் மாற்றிய பிறகே புது லைனர் திறக்கப்பட வேண்டும்.

ரிஃபாம்பிசின்: ஸ்டஃபிலோகாக்கஸ் படலத்தில், பிரியாமல் கிடக்கும் செல்லையும் தொடும் மருந்து. 1998இல் சிம்மர்லி குழு வெளியிட்ட சோதனையில் சிகிச்சையை முடித்தவர்களில் சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின் எடுத்த 12 பேரும் குணமானார்கள். சிப்ரோவோடு வெற்று மாத்திரை எடுத்த 12 பேரில் 7 பேர். அளவு: ரிஃபாம்பிசின் 450 மி.கி., சிப்ரோ 750 மி.கி., இரண்டும் தினம் இருமுறை. இடுப்புக்கு 3 மாதம், முழங்காலுக்கு 6 மாதம். கால அளவைச் சுருக்கலாமா என்று பார்த்த பிரெஞ்சுச் சோதனை 2021இல் வந்தது. 6 வாரக் குழுவில் 18.1 சதவீதத்தினருக்குத் தொற்று நீடித்தது, 12 வாரக் குழுவில் 9.4. ஆறு வாரம் போதாது.

கெடுப்பது எப்படி என்றால், ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுப்பது, அல்லது அறுவைக்கு முன்னால், சீழ் நிறைந்திருக்கும்போதே தொடங்குவது. ஆர்.பி.ஓ.பி. ஜீனில் ஒரே ஒரு மாற்றம் போதும், மருந்து செத்தது. கோடிக்கு ஒன்றிரண்டு கிருமியில் அந்த மாற்றம் ஏற்கெனவே இருக்கும். சீழில் கோடிகள் சாதாரணம். அதனால் முதலில் கழுவிக் கிருமி எண்ணிக்கையைக் குறைத்து, டிரெயின் (கசிவை வெளியேற்றும் குழாய்) எடுத்து, காயம் உலர்ந்த பிறகு, துணைமருந்தோடு. துணையாக லினிசோலிட், கிளிண்டாமைசின் போட்டால் அவற்றின் ரத்த அளவை ரிஃபாம்பிசின் இறக்கிவிடும், வார்ஃபரினையும் அப்படியே. ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) அடிக்கடி பாருங்கள், ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது இன்னும் அடிக்கடி.

இம்ப்ளாண்டை இரண்டு கட்டமாக, அதாவது ஓர் அறுவையில் கழற்றி இன்னொன்றில் புதிது வைத்து, மாற்றும்போது நடுவில் வைக்கும் ஸ்பேசருக்கு (தற்காலிகச் சிமென்டு மூட்டுக்கு) 40 கிராம் சிமென்டில் மொத்தம் 3.6 கிராமுக்குக் குறையாமல் ஆன்டிபயாட்டிக் தூள். நிரந்தரமாகப் பொருத்தும் சிமென்டில் இப்படிப் போடாதீர்கள், 40 கிராமுக்கு 2 கிராம் தாண்டினால் வலு இறங்கும். ஸ்பேசர் சிமென்டை வெற்றிடத்தில் கலக்காமல் கையால் கலக்குவது நல்லது, காற்றுத்துளை கூடினால்தான் மருந்து வெளியே வரும். ஊசிமருந்துத் திரவத்தை ஊற்றக்கூடாது, தூள் மட்டும். முதல் சில நாள்களிலேயே பெரும்பகுதி கசிந்துவிடும். அதன்பின் ஸ்பேசரும் கிருமிக்கு இன்னொரு மேற்பரப்புதான்.

---

மாற்றுக்கருத்து பதில்:

ரிஃபாம்பிசினுக்கு இவ்வளவு மாலை போட வேண்டுமா தோழர்? 1998 சோதனையில் ஆட்கள் மிகக் குறைவு, ஒப்பீட்டுக் குழுவில் சிப்ரோ தனியாக நின்றது, அங்கே தோற்றவர்களில் சிப்ரோ எதிர்ப்பு எழுந்ததும் ஒரு காரணம். 2020இல் வெளியான நார்வே சோதனையில், 48 பேர், குளோக்சசிலின் அல்லது வான்கோமைசினோடு ரிஃபாம்பிசின் சேர்த்ததால் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை. கழுவிய தரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் வாசிப்பு. கிராம்-நெகடிவ் படலத்துக்கு ரிஃபாம்பிசின் வேண்டவே வேண்டாம், அங்கே ஃப்ளூரோகுயினோலோன்தான்.

---

உளியும்சுத்தியும் பதில்:

கழுவிய தரம் முதலில் என்பதில் சண்டையே இல்லை. நார்வே சோதனையும் சிறியதுதான், துணைமருந்தும் வேறு. படலத்துக்குள் நன்றாகப் போகும் மாத்திரைத் துணையோடு ரிஃபாம்பிசின் என்பதை அது சோதிக்கவில்லை. மாற்று கிடைக்கும்வரை ஸ்டஃபிலோகாக்கஸுக்கு நான் விடமாட்டேன்.

---

சுழல்கலன் பதில்:

ஆய்வகப் பக்கம்.

முதலில் அறுவை அரங்கிலேயே பாதி மாதிரிகள் பாழாகின்றன. சீழ்த்துவாரத்தில் ஸ்வாப் எடுத்து அனுப்பாதீர்கள், தோலில் குடியிருப்பவைதான் வரும். இம்ப்ளாண்டைச் சுற்றி 5 இடத்தில் திசு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனி இடுக்கி, தனிக் குப்பி. ஒரே கிருமி இரண்டு குப்பியில் வந்தால் தொற்று. ஒன்றில் மட்டும் எபிடெர்மிடிஸ் வந்தால் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் ஆன்டிபயாட்டிக்கை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். 14 நாள், காற்றுள்ள தட்டும் காற்றில்லாத் தட்டும். தோள்மூட்டில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும்; ஐந்தாம் நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் அது அந்தக் கிருமிக்குக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

சோனிகேஷன்: கெட்டியான, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா. பை வேண்டாம். உலோக முனை குத்தி ஓட்டை விழும், தொட்டித் தண்ணீர் உள்ளே வரும், சூடோமோனாஸ் மாதிரி தண்ணீர்க் கிருமி 'தொற்று' ஆகிவிடும். இம்ப்ளாண்டை மூடும் அளவுக்கு ரிங்கர் கரைசல், மூட்டுக்கு 400 மில்லி. 30 நொடி வோர்டெக்ஸ் (வேகமாகச் சுழற்றிக் குலுக்குவது), 1 நிமிடம் சோனிகேஷன், மறுபடி 30 நொடி வோர்டெக்ஸ். அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ், ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு 0.22 வாட் அளவில். கூட நேரம் வைத்தால் கூடக் கிருமி வரும் என்று நினைத்து 10 நிமிடம் ஓட்டுபவர்கள் உண்டு. சூடேறி, முக்கியமாகக் கிராம்-நெகடிவும் காற்றில்லாக் கிருமிகளும் செத்துப்போகும். வோர்டெக்ஸைத் தவிர்க்காதீர்கள், அது உருவாக்கும் நுண்குமிழிகள்தான் சோனிகேஷனில் வெடித்துப் படலத்தைப் பெயர்க்கின்றன.

கழுவிய திரவத்தில் 0.5 மில்லி வீதம் ரத்த அகார் தட்டுகளில் பரப்பி, தட்டுக்கு 5 காலனியாவது வந்தால் கணக்கில் எடுத்தது 2007இல் டிராம்பூஸ் குழு. அவர்களுக்குக் கிடைத்த கண்டறியும் திறன் 78.5 சதவீதம், வழக்கமான திசுக் கல்ச்சரில் 60.8. அறுவைக்கு முந்தைய 14 நாளுக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: 75, 45. சென்டிரிஃபியூஜ் செய்து செறிவூட்டினால் வரம்பு மாறும், அடுத்தவர் ஆய்வகத்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. திறக்காத மலட்டு உலோகத் துண்டு ஒன்றை அவ்வப்போது முழுச் செய்முறையிலும் ஓட்டிப் பாருங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் உங்கள் டப்பாவோ ரிங்கரோ அழுக்கு.

---

கைகழுவு பதில்:

கதீட்டரில் முக்கிய வித்தியாசம், கிருமி எந்தப் பக்கமாக வருகிறது என்பது. மையச் சிரைக் கதீட்டர் வைத்த முதல் பத்து நாளில் பெரும்பாலும் தோலிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறங்கும். அதற்குமேல் நீடித்தால் ஹப்பை (கதீட்டரின் வெளிமுனை இணைப்பை) திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உட்சுவரில் ஏறும். நுனியில் 5 செ.மீ. வெட்டி அகாரில் உருட்டி 15 காலனி எண்ணும் பழைய மாக்கி முறை வெளிச்சுவரை மட்டுமே பார்க்கிறது. மாதக்கணக்கில் இருந்த டயாலிசிஸ் கதீட்டரில் அது நெகடிவ் என்றால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

கழற்றாமலே தெரிந்துகொள்ள, கதீட்டரிலிருந்தும் கைச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம். கதீட்டர் பாட்டில் 2 மணி நேரமாவது முந்தி சிக்னல் கொடுத்தால் மூலம் கதீட்டர்தான். ஒன்றில் 5 மில்லி, இன்னொன்றில் 10 மில்லி என்று ஊற்றினாலும், பாட்டில்கள் மேஜையில் கிடந்துவிட்டுப் போனாலும் அந்த 2 மணி நேரத்துக்கு அர்த்தம் கிடையாது.

எபிடெர்மிடிஸ் வகை என்றால், கதீட்டர் அவசியம் தேவை என்றால், லாக் முறை: உட்குழாய் கொள்ளளவுக்குச் சரியாக, எம்.ஐ.சி.யைப் போல் ஆயிரம் மடங்குச் செறிவில் மருந்தை நிரப்பி ஊறவிடுவது, உடம்புக்கு மருந்து வேறாக ஓடும், 10 முதல் 14 நாள். வான்கோமைசின் மில்லிக்கு 2.5 முதல் 5 மி.கி. வழக்கம். 70 சதவீத எத்தனால் லாக்கை ஹெப்பாரினோடு கலந்தால் வீழ்படிவு வந்து அடைக்கும், சில பாலியூரிதேன் குழாய்களையும் பலவீனப்படுத்தும். தடுப்புக்கு, டயாலிசிஸ் கதீட்டருக்கென்று டாரோலிடின்-ஹெப்பாரின் லாக்கை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2023 நவம்பரில் அனுமதித்தது. ஆரியஸும் கேண்டிடாவும் வந்தால் லாக் என்று யோசிக்காமல் கதீட்டரை எடுங்கள்.

சிறுநீர்க் கதீட்டரில் ஒரு மாதம் ஆனால் அநேகமாக எல்லாருக்கும் கிருமி இருக்கும். அறிகுறி இல்லாமல் கல்ச்சர் அனுப்பவே கூடாது. அறிகுறி இருந்து, கதீட்டர் 2 வாரத்துக்கு மேல் பழையது என்றால் புதிது மாற்றி அதிலிருந்து மாதிரி எடுங்கள். பழைய குழாயில் வருவது படலத்தின் ஜாதகம், சிறுநீர்ப்பையின் உள்ளே இருப்பது வேறு. அடிக்கடி அடைத்துக்கொண்டு, வெட்டிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி மணல் உரசினால் அது புரோட்டியஸ் மிராபிலிஸ். அதன் யூரியேஸ் யூரியாவை அம்மோனியாவாக்கி, சிறுநீர் காரமாகி, ஸ்ட்ரூவைட் படிகம் படலத்துக்குள்ளேயே உறைகிறது. கழுவி ஓட்டுவதால் தீராது, சிறுநீர்ப்பைக் கல்லையும் தேட வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்த தோலடிப் பையில் தொற்று என்றால் கம்பிகள் உள்பட மொத்தமும் வெளியே. வீங்கிய பையில் ஊசி குத்தி உறிஞ்சாதீர்கள், இல்லாத கிருமியை நாமே கொண்டுபோய் விடுவோம்.

---

அகார்தட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று: படலக்காரன் சார், படலத்துக்கான மருந்து அளவையே நேரடியாக அளந்து ரிப்போர்ட்டில் போட்டால் என்ன? 96 முளை கொண்ட கால்கரி தட்டு கிடைக்கிறதே.

---

படலக்காரன் பதில்:

கிடைக்கிறது, ஆராய்ச்சிக்குப் பிரமாதம். முளைகளில் 24 மணி நேரம் படலம் வளர்த்து, மருந்துக் குழிகளில் முக்கி, கழுவி, புதுக் குழம்பில் சோனிகேட் செய்து எது மீண்டும் வளர்கிறது என்று பார்ப்பது. ஆனால் குழம்பை மாற்றினால் எண் மாறும், படலத்தின் வயதை 24இலிருந்து 72 மணி நேரமாக்கினால் எண் பறக்கும், கழுவும் கை கனமானால் படலமே பாதி போய்விடும். பாலிஸ்டைரீன் முளைக்கும் ஃபைப்ரினோஜன் பூசிய டைட்டேனியத்துக்கும் உறவே இல்லை. நோயாளியின் விளைவோடு பொருத்திப் பார்த்து 'எஸ்', 'ஆர்' என்று பிரிக்கும் எல்லைக்கோடுகளும் கிடையாது. அதனால் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் போட வேண்டாம். அதற்குப் பதில், இம்ப்ளாண்ட் மாதிரி என்று சீட்டில் இருந்தால், எம்.ஐ.சி. அட்டவணைக்குக் கீழே 'இந்த முடிவு மிதக்கும் கிருமிக்கானது' என்று ஒரு வரி சேருங்கள், ரிஃபாம்பிசினையும் ஃப்ளூரோகுயினோலோனையும் தவறாமல் பேனலில் வையுங்கள். நிறைய ஆய்வகங்களில் ரிஃபாம்பிசின் டிஸ்க் (சோதிக்கத் தட்டில் வைக்கும் மருந்து வில்லை) போடுவதே இல்லை, பிறகு வார்டிலிருந்து போன் வரும்போது தட்டு குப்பைக்குப் போயிருக்கும். இம்ப்ளாண்ட் ஐசோலேட்டை (அதிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை) மைனஸ் 80 டிகிரி செல்சியஸில், 15 சதவீத கிளிசராலில், எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் அது அதே ரகமா, புதிதாக வந்ததா என்று ஒப்பிட வேறு வழி இல்லை.